வளவுக்குள்ள ஒரு கதைப்பாட்டு இரவு: மூத்த அண்ணாவியாரை அழைத்துப் பாட வைக்கிற முறை

கல்லடி வாசி:
எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில இருந்து ஒரு மூத்த அண்ணாவியாரை, அதாவது கூத்துப் பழக்கிற ஆசானை, வாவிக்கு இங்கால கல்லடியில ஒரு வீட்டு வளவுக்குக் கூப்பிட்டுப் பாட வைக்கிற யோசனை. வயது எழுபத்தஞ்சைத் தாண்டிட்டு. தரு எண்ட கூத்துப் பாட்டு மட்டும் இல்ல, சொந்தமா கட்டின கதைப்பாட்டும் நிறைய இருக்கு. 1978 சூறாவளி, 2004 கடல்கோள், வயற்காவல், குளம் உடைஞ்சது எண்டு எல்லாத்துக்கும் பாட்டு. பாட்டுக்கு முன்னால அது எப்படிப் பிறந்தது எண்டு சொல்லுவார். சனம் அந்தக் கதைக்காகவே வரும். 40, 45 பேர் போதும், மேடை வேணாம். இருக்கை, மைக், நேரம், பதிவு, பணம் பற்றித் தெரிஞ்சவங்க விபரமா எழுதுங்க.

களரிக்கட்டு:
தம்பி, முதல்ல அழைக்கிற முறையைச் சொல்லுறன். போன்ல கேட்க வேணாம். வெற்றிலை பாக்கோட வீட்டுக்குப் போய்க் கேளுங்க. அண்ணாவியாரை அழைக்கிறதுக்கு எங்கட பக்கம் அதுதான் வழக்கம். அது வெறும் சடங்கும் இல்ல. நேர்ல இருந்து கதைச்சாத்தான் குரல் இப்ப எப்படி இருக்கு, எவ்வளவு நேரம் இருக்க ஏலும், முழங்கால் எப்படி எண்டு உங்களுக்கே விளங்கும்.

அங்க வச்சே மத்தளத்துக்கு ஆர், பிற்பாட்டுக்கு ஆர் எண்டு முடிவு எடுங்க. பிற்பாட்டை ஆரும் லேசா நினைக்காதீங்க. களரியில, கூத்து ஆடுற வட்டத்தில, அண்ணாவியார் ஒரு அடியைப் படிச்சு விட, பின்னால நிக்கிறவங்க அதை வாங்கிப் படிப்பாங்க. அந்த இடைவெளியிலதான் அவர் மூச்சு எடுக்கிறார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டு வாறார். தனிய ஒரு கதிரையில இருத்தி "பாடுங்க ஐயா" எண்டால் மூணாவது பாட்டோட குரல் உடையும். அவருக்கு வயசு போயிட்டு எண்டு பாக்கிறவங்க சொல்லுவாங்க. உண்மையில அவருக்குப் பிற்பாட்டு இல்லாம விட்டது நாமதான். ரெண்டு பேர் போதும். ஆனா அவர்ர ஊர் ஆக்களா இருக்கணும். டவுன்ல சங்கீதம் படிச்ச பிள்ளைகள் வந்தால் மெட்டை மெருகேத்தப் பாப்பாங்க, அவர் இழுக்கிற இடத்தில இவங்க கமகம் போடுவாங்க. ரெண்டும் ஒட்டாது.

கூத்தில ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் குடுக்கிற ஏட்டண்ணாவியார் மாதிரி ஒருத்தர் கொப்பியோட பக்கத்தில இருக்கணும். பாட்டுகளை ஒரு பக்கத்துக்கு 10, 12 வரிக்கு மேல போகாமப் பெரிய எழுத்தில எழுதுங்க. வெளிச்சம் கொப்பியில விழட்டும், கண்ணில விழக்கூடாது.

ஒலிப்பெட்டி:
இருக்கை பற்றி. நேர் வரிசை போடாதீர்கள், அரைவட்டம் போடுங்கள். கணக்கு இதுதான்: பாடுபவரிலிருந்து முதல் வரிசை 2 மீற்றர், அடுத்தது 2.9, அதற்கடுத்தது 3.8. பாயில் ஒருவருக்கு 60 சென்ரிமீற்றர் வைத்தால் முறையே 10, 15, 19 பேர் இருக்கலாம். மொத்தம் 44. நடுவில் ஒரு வழி விட்டால் வரிசைக்கு ஒருவர் குறைவார், அவர்களுக்குப் பின்னால் நாலைந்து கதிரை போடுங்கள். தரையில் இருக்க முடியாத பெரியவர்களுக்கு அந்தக் கதிரைகள் எப்படியும் தேவைப்படும்.

இதே ஆட்களை எட்டுப் பேராக நேர் வரிசையில் வைத்தால் கடைசி வரிசை ஆறரை மீற்றருக்குப் போய்விடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைகிறது. அரைவட்டத்தில் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 6 டெசிபல், நேர் வரிசையில் 10. பாட்டுக்கு 10 டெசிபல் போனால் சமாளிக்கலாம். கதைக்கு முடியாது. கதை சொல்லும்போது குரல் தானாகவே இறங்கும், வசனக் கடைசியில் இன்னும் இறங்கும். கதையின் திருப்பம் அங்கேதான் இருக்கும்.

அவருக்குப் பின்னால் ஒரு மீற்றரில் வீட்டுச் சுவர் இருக்கட்டும். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் உடனேயே வந்து நேர்க்குரலோடு சேர்ந்து அதைத் தூக்கிக் கொடுக்கும். பின்னால் சேலை, திரை, பெனர் கட்டினால் அந்த உதவி போய்விடும். வாவிக் கரையை முதுகுப்புறம் வைத்தால் படம் வடிவாக இருக்கும், சத்தம் தண்ணிக்குப் போகும்.

கல்லடி வாசி:
வளவு கிழக்குப் பார்த்தது, பின்னேரம் கடல் காற்று நல்லா அடிக்கும். அப்ப மைக் இல்லாம ஏலுமா?

பழைய சல்லரி:
ஏலும். விடிய விடியக் களரியில மைக் இல்லாமப் பாடின ஆக்கள். 45 பேருக்கு மைக் வச்சால் அது கூட்டம். மைக் வந்தா பாடுறவர் சனத்தைப் பாக்காம மைக்கைப் பாப்பார். கதை சொல்லுறவர் இங்கால ஒருத்தரப் பாத்து ஒரு சொல், அங்கால ஒருத்தரப் பாத்து ஒரு சொல் சொல்லுவார். அதை அந்தத் தடியில கட்டிப் போடாதீங்க.

இன்னொண்டு: ஒலிபெருக்கி எண்டால் பொலிஸ் அனுமதி எடுக்கணும். 2007 உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் புறகு இரவு 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் போடவும் ஏலாது. மைக் இல்லாட்டி இந்த அலைச்சல் ஒண்டும் இல்ல.

ஒலிப்பெட்டி:
அண்ணன், சொன்னது சரி, ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. விடிய விடியப் பாடிய காலத்தில் அவருக்கு முப்பது வயது, பின்னால் நாலு பேர் பிற்பாட்டு, சனம் வட்டக்களரியைச் சுற்றி நெருங்கி இருந்தது, தெருவில் மோட்டார் சைக்கிள் இல்லை. இன்று கல்லடியில் பிரதான வீதி இரைச்சல் இருக்கிறது. முடிவை ஒரு சோதனையில் எடுங்கள். அதே வளவில், நிகழ்ச்சி நேரத்தில், ஒருவர் பாடகரின் இடத்தில் இருந்து பேப்பர் ஒன்றைச் சாதாரணமாக வாசிக்கட்டும். கடைசிக் கதிரையில் இருப்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கினால் மைக் வேண்டாம். ஊகித்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தால் வேண்டும்.

வைப்பதானால் ஒரே ஒரு மைக், ஒரே ஒரு சிறிய பெட்டி. ஷுவர் எஸ்எம்58 போன்ற ஒன்று போதும். வாயிலிருந்து ஒரு சாண், நாடிக்குக் கீழே இருந்து மேல் பார்த்தபடி. அப்போது முகம் மறையாது, தலையைத் திருப்பினாலும் குரல் முழுதாக விழாமல் போகாது. காற்றுக்குப் பஞ்சு உறை கட்டாயம். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், காற்றின் உறுமலும் மத்தளத்தின் கனமும் குறையும். பெட்டியைப் பாடகருக்கு அருகில், அவர் தலை உயரத்தில், மைக்கின் முதுகு பெட்டியைப் பார்க்கும்படி வையுங்கள். தூரத் தூணில் கட்டினால் வாய் ஒரு பக்கமும் குரல் இன்னொரு பக்கமும் வரும். சட்டையில் குத்தும் மைக் வேண்டவே வேண்டாம், சல்லரி என்ற கைத்தாளத்தின் சத்தம் முழுவதும் அதில்தான் ஏறும். மத்தளத்துக்கு மைக் தேவையே இல்லை.

பழைய சல்லரி:
சரி, பேப்பர் வாசிச்சுப் பாக்கிறது நியாயமான யோசனை. ஆனா சோதனையை வெறும் வளவில செய்யாதீங்க, பத்துப் பேரையாவது இருத்திச் செய்யுங்க. ஆக்கள் இருந்தா சத்தம் குறையும். சல்லரிக்காரரை அண்ணாவியாருக்குப் பின்னால இருத்துங்க, முன்னுக்கு வந்தா அந்தக் கிலுக்கில சொல்லு மூடுபடும். கதை நடக்கக்குள்ள மத்தளமும் சல்லரியும் முழுசா நிக்கணும். இடைவெளியைக் கண்டால் கை சும்மா இருக்காத மத்தளக்காரர் இருக்காங்க. அவங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்க.

தோலும் வாரும்:
மத்தளம் பற்றி ஆரும் எழுதல்ல. வாவிப் பக்கம் பின்னேரம் ஆறு மணிக்குப் புறகு காற்றில ஈரம் ஏறும், தோல் தளரும், சுருதி இறங்கும். பகல் மூணு மணிக்கு வெயில்ல வார் இறுக்கிச் சுருதி சேர்த்துட்டு "எல்லாம் சரி" எண்டு போறதுதான் வழக்கமா நடக்கிற பிழை. நிகழ்ச்சி நடக்கிற இடத்திலயே, துவங்க அரை மணித்தியாலத்துக்கு முன்ன சேருங்க. இடைவேளையில மறுகா ஒருக்காப் பாருங்க. அதுவரைக்கும் துணியால மூடி வீட்டுக்குள்ள வையுங்க. ஏசி அறையில வேணாம், அங்க காய்ஞ்சு சுருதி ஏறி, வெளியில வந்ததும் சட்டெண்டு விழும்.

சுருதியை அண்ணாவியார்ர குரலுக்குத்தான் சேர்க்கணும், மத்தளத்துக்காக அவர் குரலை ஏத்தக்கூடாது. வயசு போன குரல் இளமையில பாடின கட்டையில, அந்தச் சுருதி உயரத்தில, நிக்காது. பழைய மத்தளத்தை ஒரு அளவுக்கு மேல இறக்கினால் தோல் சொத்தையாப் பேசும், ஏத்தினால் விளிம்பில கிழியும். அதனால முதல்லயே அவரை ஒரு விருத்தம் படிக்க வச்சு, அந்தக் குரலுக்குக் கிட்ட வாற மத்தளமாப் பார்த்து எடுங்க. ஆர்மோனியம் வேணாம். அது ஒரு கட்டையில பிடிச்சு வச்சிரும். அவர் கதையோட கதையாச் சுருதியைக் கொஞ்சம் நகர்த்திப் பாடுற சுதந்திரம் போயிரும்.

வட்டைக் கவி:
அக்கரைப்பற்றுப் பக்கம் இருந்து எழுதுறன். அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தில இதைச் செய்யிறதெண்டால் ரெண்டு விசயம் வேற. ஒண்டு நேரம். காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை மாதிரிப் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்ல கோயில் மணியும் பாங்கும் ரெண்டும் கேட்கும். ஆறே முக்காலுக்குத் துவங்கினால் கதை நடுவில இஷா பாங்கு வரும். இஷாத் தொழுகை முடிஞ்சு எட்டு மணிக்குத் துவங்குங்க, எல்லாரும் வந்து இருக்கலாம். நோன்பு மாசத்தில தராவீஹ் இரவுத் தொழுகை இருக்கு, அந்த மாசத்தை விட்டிருங்க.

மற்றது றபான், ஒரு பக்கம் தோல் கட்டின கைப்பறை. பாடுறவர் றபானோட வாற ஆள் எண்டால் தோலைச் சூடாக்கி இறுக்கத் தணல் சட்டி ஒண்டு வேணும். சிரட்டைக் கரி நல்லது, புகை இல்லாமத் தணலாகும். றபானை ஒரு முழ உயரத்தில பிடிச்சுச் சுத்திச் சுத்திக் காட்டணும். ஒரே இடத்தில வச்சால் தோல் கருகும், சுவாலையில பிடிச்சால் வெடிக்கும். சட்டியைச் சனத்துக்கு எட்டாமப் பாடகருக்குப் பின்னால, காற்றுக்குக் கீழ்ப்பக்கமா வையுங்க.

இன்னொண்டும் சொல்லணும். எங்கட பக்கத்து நாட்டார் கவி அனேகமா நாலு நாலு அடி. ஒரு கவிக்கும் அடுத்த கவிக்கும் நடுவில கதை வரும், அதுக்கு மறுமொழியாச் சபையில இருந்து ஒரு பெரியம்மா கவி எடுத்து விடுவா. அதுக்கு இடம் விடுங்க. "அமைதியா இருங்க" எண்டு அறிவிச்சால் அந்தக் கவி வராமலே போயிரும்.

காவியக் கொப்பி:
மறுமொழிக் கவி சரி. ஆனால் சபையிலிருந்து வருகிற எல்லா விருப்பத்தையும் ஏற்க வேண்டியதில்லை. கண்ணகி அம்மனின் கோபம் தணியப் பாடும் குளிர்த்திப் பாடல்களைக் கேட்காதீர்கள். அவை வைகாசிச் சடங்குக்கு உரியவை. கோயில் கதவு திறந்து, சடங்கு நடந்து, கடைசியில் குளிர்த்தி பாடுவதுதான் ஒழுங்கு. அதை வளவில் தேநீருக்கு நடுவே பாடச் சொன்னால் பெரியவர் மறுக்கவும் முடியாமல் பாடவும் முடியாமல் சங்கடப்படுவார். ஒப்பாரியும் அப்படித்தான். குடியிருக்கிற வீட்டில் சும்மா ஒப்பாரி எடுப்பதை எங்கள் பெண்கள் விரும்பமாட்டார்கள்.

வட்டைக் கவி:
படிக்கிற பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த ஒண்டு ரெண்டு அடி சொல்லுறதில பிழை இருக்கா?

காவியக் கொப்பி:
அவராகச் சொன்னால் பிழையில்லை. நாம் கேட்கக்கூடாது என்பதுதான். "எதைப் பாட விருப்பமில்லை ஐயா?" என்று அழைக்கப் போகும்போதே கேட்டு, அந்தப் பதிலை வரவேற்புரை செய்பவருக்கும் சொல்லி வையுங்கள். சபை முன்னால் விருப்பம் கேட்கிற வேலையை அவர்தான் செய்வார்.

நாளையும் இதோடு யோசியுங்கள். வைகாசியில் கண்ணகி காவியம் பாடத் தெரிந்தவர்கள் கோயிலோடு இருப்பார்கள். கார்த்திகை முதல் தை வரை மழை. மாசி, பங்குனி நல்ல காலம், ஆனால் பெரும்போக அறுவடை நேரம். வயல் செய்கிற அண்ணாவியார் என்றால் அவர் வயல் வட்டை அறுத்து முடிந்த பிறகு கேளுங்கள். ஆடி, ஆவணியில் பகல் முழுவதும் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றின் சூடு, இரவில் பரவாயில்லை. எந்த ஊரானாலும் அந்த ஊர்க் கோயில் திருவிழா நாட்களைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

களரிக்கட்டு:
நேரம் பற்றி ஒரு சொல். மொத்தம் ஒண்டே முக்கால் மணித்தியாலம். முதல் பாதி 40 நிமிசம், இடைவேளை 20, மற்றப் பாதி 45. கடவுளை வேண்டுற காப்பு விருத்தத்தோட துவங்கட்டும். அது குரலைச் சூடாக்கும், நிதானமா இழுத்துப் படிக்கிறதால தொண்டையும் திறக்கும். அதுக்குப் புறகு சின்னதா ரெண்டு பாட்டு, சிரிப்புக் கதை உள்ளது. நீளமான கதைப்பாட்டை முதல் பாதிக் கடைசியில வையுங்க, நிகழ்ச்சிக் கடைசியில வைக்காதீங்க. குரல் அப்பதான் உச்சத்தில இருக்கும். ரெண்டாம் பாதியில கதை கூடவும் பாட்டு குறையவும் இருக்கட்டும். எல்லாரையும் வாழ்த்துற வாழி பாடி முடிக்கட்டும்.

1978 மாதிரிப் பாட்டுக்குப் புறகு உடனே கைதட்டி அடுத்ததுக்குத் தள்ளாதீங்க. அதில செத்த ஆக்கள்ர சொந்தம் சபையில இருக்கும். கடல்கோள் பாட்டு இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்க, கேட்க ஏலாத ஆக்கள் எழும்பிப் போக வழி இருக்கணும். கல்லடி, திருச்செந்தூர், நாவலடிப் பக்கம் எண்டால் இதைக் கட்டாயம் நினைங்க.

அடுப்படி அக்கா:
சாப்பாடு, தண்ணி. பாட்டுக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு முன்ன இலேசாச் சாப்பிடக் குடுங்க, இடியப்பமும் சொதியும் போதும். புரியாணி குடுத்துட்டுப் பாடச் சொன்னால் மூச்சு எடுக்க வயிறு விடாது. குளிர்த்தண்ணி, சோடா வேணாம். இளஞ்சூட்டுத் தண்ணி ஒரு செம்பு கைக்கு எட்டுற தூரத்தில, இடைவேளைக்கு மல்லித்தண்ணி. சீனி வருத்தம் இருக்கா எண்டு வீட்டாக்களிட்டக் கேளுங்க. வெற்றிலை போடுறவர் எண்டால் தடுக்காதீங்க, படிக்கம் ஒண்டு வையுங்க.

நுளம்புச் சுருளை அவருக்குக் கிட்டக் கொளுத்தாதீங்க, அந்தப் புகை நேரா தொண்டைக்குப் போகும். வேப்பிலை, நொச்சிப் புகையை ஐஞ்சரைக்குப் போட்டு, சனம் வர ஒரு மணித்தியாலத்துக்கு முன்ன அணைச்சிருங்க. வெள்ளை பல்பு போட்டால் மழைக்குப் புறகு ஈசல் மொய்க்கும், பாடுறவர்ர வாய்க்குள்ளயே போகும். மஞ்சள் வெளிச்சம் போடுங்க, அவர்ர தலைக்கு மேல இல்லாம ரெண்டு மூணு மீற்றர் தள்ளி. கதிரை கையில்லாத மரக்கதிரையா இருக்கணும், கைக்கதிரை எண்டால் தாளம் போடக்குள்ள முழங்கை இடிக்கும். எழும்பி ரெண்டு அடி ஆடிக் காட்டுவார் எண்டால் தரை மண் தரையா இருக்கட்டும், லேசாத் தண்ணி தெளிச்சுப் பெருக்குங்க. டைல்ஸ் வழுக்கும்.

ஒலிப்பெட்டி:
பதிவு: 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. இரண்டு சானலுக்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி வரும், 8 ஜிபி அட்டை தாராளம். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். கதையில் மெதுவாகப் பேசுபவர் தருவில் திடீரென்று எழுவார், தானியங்கி அளவு போட்டால் அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிடும். பதிவுக் கருவி முதல் வரிசைக்கு முன்னால் இருக்கட்டும், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகில் வேண்டாம். கைத்தொலைபேசியை விமான நிலையில் போடுங்கள். இடைவேளையிலும் பதிவை நிறுத்தாதீர்கள், நல்ல கதைகள் தேநீரோடு வரும். ஆனால் பதிவு ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யூரியூப்பில் போடும் முன் எழுத்தில் அனுமதி எடுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அவர் கட்டிய பாட்டுக்கு அவர்தான் உரிமையாளர், ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 70 வருடமும். பாடுகிறவர் என்ற உரிமையும் தனியாக உண்டு. ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். பதிவின் பிரதியையும் பென்டிரைவில் அவர் வீட்டுக்குக் கொடுங்கள்.

பழைய சல்லரி:
பணம். துவங்க முன்ன, முழுசா, கவர்ல, வெற்றிலைத் தட்டோட. முடிஞ்ச புறகு "பாத்துச் செய்யிறம்" எண்டு சொல்லுறது இந்தக் கலைஞர்களுக்குக் காலம் காலமா நடக்கிற அநியாயம். மத்தளம், சல்லரி, பிற்பாட்டு எல்லாருக்கும் தனித்தனிக் கவர் வையுங்க, அண்ணாவியார்ர கையில குடுத்துப் பிரிக்கச் சொல்லாதீங்க. ஆளுக்கு 1,000 ரூபாய் எண்டு 45 பேர் வந்தால் 45,000. அதில 25,000 அண்ணாவியாருக்கு, நாலு பேருக்கு 3,000 படி 12,000, மிச்சம் 8,000 வாகனத்துக்கும் தேத்தண்ணிக்கும். பாய், கதிரை, வெளிச்சம் வீட்டாக்கள்ர பொறுப்பு. பொன்னாடை போர்த்திப் பணத்தைக் குறைக்காதீங்க.

தோலும் வாரும்:
வாகனம் எண்ட உடன ஒண்டு. படுவான்கரைக்கு இரவில திருப்பி விடுறது லேசில்ல. 2014ல மண்முனைப் பாலம் வந்த புறகு தூரம் குறைஞ்சிட்டு, ஆனா உள்ளூர் றோட்டுகள்ல யானை நிக்கும். ஒன்பது மணிக்கு முடியிற மாதிரித் துவங்குங்க, இல்லாட்டி எல்லாருக்கும் படுக்க இடம் போட்டுக் காலையில கூட்டிப் போங்க. முச்சக்கர வண்டியில மத்தளத்தோட அஞ்சு பேரை ஏத்தாதீங்க, வேன் பிடியுங்க.

கல்லடி வாசி:
எல்லாருக்கும் பெரிய நன்றி. மாசிக் கடைசி, ஏழே கால் எண்டு யோசிக்கிறம், எல்லாரையும் இரவு தங்க வச்சுக் காலையில அனுப்புறம். மாசியிலயும் ஒரு மழை வந்தால் தகரக் கொட்டிலுக்குள்ள மாத்தலாமா?

ஒலிப்பெட்டி:
தகரத்தில் மழை விழுந்தால் மைக் வைத்தாலும் கதை கேட்காது. ஓட்டு வீட்டு விறாந்தை இருந்தால் அதற்கு மாற்றுங்கள், அவரைச் சுவரோரம் இருத்தி, சனத்தை விறாந்தையிலும் கூடத்திலும் பிரியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், குளிர்சாதனப் பெட்டியையும் அந்த நேரத்துக்குக் கழற்றிவிடுங்கள். 45 பேர் கொள்ளாவிட்டால் 30 பேரோடு நடத்துங்கள்.

பழைய சல்லரி:
30 பேரோட நடந்தாலும் கவர் குறையக்கூடாது. அந்த 15 பேர்ர காசை இப்பவே வாங்கி வையுங்க.